ஏர்த் ஓட்டை மேலேயா, கீழேயா?

முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீண்ட கடிதம் என்பதால் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வீட்டுத்திட்டத்தில் கிடைத்த சிறிய வீட்டோடு சேர்த்து இரண்டு அறையும் ஒரு குசினியும் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். காசு உதவி கனடாவில் இருக்கும் மூத்த அண்ணா. வயரிங் செய்தது ஊர்த் தம்பி ஒருவர், தூரத்துச் சொந்தமும்கூட. வேலை முடிந்த அன்று வட்ஸ்அப் வீடியோவில் வீட்டைக் காட்டியபோது, அண்ணாவின் கண் நேரே பிளக் பேஸில் விழுந்திருக்கிறது. "எல்லாத்தையும் தலைகீழாப் பூட்டி வைச்சிருக்கிறான். ஒத்தை ஓட்டை கீழதான் வரோணும்" என்றிருக்கிறார். அவர் சொன்ன ஒத்தை ஓட்டைதான் ஏர்த் ஓட்டை. திருப்பிப் பூட்டும்வரை தம்பிக்கு மிச்சக் காசு கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பாவிடம் கேட்டால், "எந்தப் பக்கம் பூட்டினால் என்ன, கரண்ட் வந்தால் சரி" என்கிறார். பக்கத்து வீட்டு ஐயா, ஏர்த் வயர் நிலத்துக்குள் போவது என்பதால் அதன் ஓட்டையும் கீழே இருப்பதுதான் முறை என்கிறார். வயரிங் தம்பியோ, "அக்கா, இஞ்ச எல்லா வீட்டிலயும் இப்பிடித்தான்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஆனால் அதே தம்பி குசினியில் மூன்று பிளக் பேஸை மட்டும் ஏர்த் ஓட்டை கீழே வரும்படி பூட்டியிருக்கிறார். பழைய பகுதியில் பிரிட்ஜைத் தொட்டால் கையில் மெல்லச் சுரீர் என்கிறதாம். பிளக்கை மாறிப் பூட்டியதால்தான் அப்படி என்று அம்மா பயந்துபோய் இருக்கிறார்.

கேட்டிருப்பவை: எது சரி, எல்லாவற்றையும் திருப்ப வேண்டுமா, தம்பியின் காசை நிறுத்தி வைப்பது நியாயமா.

அன்புள்ள சகோதரிக்கு,

அறைகளில் தம்பி பூட்டியிருப்பது சரி. ஏர்த் ஓட்டை மேலே இருப்பதே நம் நாட்டு 13 அம்பியர் பிளக் பேஸுக்கு உரிய நிலை. அவற்றைத் தொட வேண்டாம். குசினி மூன்றையும் பற்றித் தனியாகப் பேச வேண்டும். பிரிட்ஜ் விஷயம்தான் இந்தக் கடிதத்திலேயே அவசரமானது. நீங்கள் அதைக் கடைசியில் இரண்டே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ அங்கேதான் பார்வை போய் நின்றது.

அண்ணாவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் தினமும் பார்க்கிற பிளக் பேஸ் வேறு. கனடாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு தட்டைப் பின் மேலே, உருண்டை ஏர்த் பின் கீழே என்று பூட்டுவதுதான் பெருவழக்கு; பார்த்தால் இரண்டு கண்ணும் ஒரு வாயும் உள்ள முகம் போல இருக்கும். அந்த முகத்தையே பார்த்துப் பழகியவருக்கு நம்முடையது கவிழ்ந்து கிடப்பதாகத் தெரிவது இயல்பு. ஆனால் அங்கேயே இது முடிந்துபோன வழக்கு இல்லை. ஏர்த் மேலே இருக்க வேண்டும் என்று வாதாடும் மின்வேலைக்காரர்கள் அங்கும் நிறையப் பேர். அமெரிக்காவின் தேசிய மின்விதித் தொகுப்பு, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை.

ஏர்த் மேலே வேண்டும் என்பவர்கள் சொல்லும் காரணம் இது. அந்த நாட்டுப் பிளக்கின் பின்கள் முழுக்க வெறும் உலோகம். பிளக் கொஞ்சம் வெளியே இழுபட்டு நிற்கும்போது மேலிருந்து ஒரு சில்லறைக் காசோ ஊசியோ படத்தைக் கொழுவிய கம்பியோ விழுந்தால், கரண்ட் வரும் லைவையும் அது திரும்பிப் போகும் நியூட்றலையும் ஒன்றாகத் தொட்டுப் பொறி கிளப்பும். ஏர்த் பின் மேலே இருந்தால் விழுவது முதலில் அதில் படும். கீழே வேண்டும் என்பவர்களும் சும்மா சொல்லவில்லை. அங்கே விற்கும் பல அடப்டர்களும் வளைந்த தலை கொண்ட பிளக்குகளும் ஏர்த் கீழே இருப்பதாக வைத்தே செய்யப்பட்டவை. திருப்பிப் பூட்டினால் வயர் மேல்நோக்கி நிற்கும்.

இந்தச் சண்டை நம் வீட்டுக்குள் வர வேண்டியதே இல்லை. நம்முடைய பிளக்கை வடிவமைத்தவர்கள் அதை வேறு வழியில் தீர்த்துவிட்டார்கள்.

நம் பிளக்கின் அமைப்பு

சதுரப் பின் உள்ள 13 அம்பியர் பிளக் 1947-இல் வெளியான பிரித்தானியத் தரத்தில் பிறந்தது. நம் நாட்டில் முன்பு 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டைப் பின் பிளக்குகளும் இதுவும் கலந்து கிடந்தன. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு இந்தச் சதுரப் பின் வகையையே நாட்டுக்கு ஒரே தரம் என்று ஆக்கியது. அதனால் புது வீட்டுக்கு இதை வாங்கியதும் சரியே.

இந்தப் பிளக்கில் ஏர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். உள்ளே போகும்போது முதலில் தொடுவதும், வெளியே வரும்போது கடைசியாக விடுவதும் அதுதான். பெரும்பாலான பிளக் பேஸ்களில், லைவ், நியூட்றல் ஓட்டைகளை மூடியிருக்கும் சின்னக் கதவைத் திறப்பதும் அந்த நீளப் பின்தான். லைவ், நியூட்றல் பின்களின் பாதிக்கு மேல் பிளாஸ்ரிக் உறை இருக்கும். பிளக் பாதி இழுபட்டு நின்றாலும் வெளியே தெரிவது உறைதான், உலோகம் இல்லை. மேலிருந்து காசு விழுந்தால் என்ன ஆகும் என்ற கவலை இங்கே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. உறையே இல்லாத மலிவுப் பிளக் ரொப்புகளும் (வயரில் பூட்டும் பிளக்) கடையில் தொங்குகின்றன. அவற்றை வாங்காதீர்கள்.

வயர் வெளியே வரும் இடத்தையும் கவனியுங்கள். ஏர்த் பின்னுக்கு எதிர்ப் பக்கத்தால், அதாவது அடிப்பக்கத்தால் வருகிறது. ஏர்த் மேலே இருந்தால் வயர் சுவரோடு ஒட்டி நேராகக் கீழே தொங்கும். தலைகீழாகப் பூட்டினால் வயர் மேல்நோக்கிக் கிளம்பி, பிறகு மடிந்து கீழே வரும். நாளடைவில் அந்த மடிப்பில் உறை வெடிக்கும். பாரமான சார்ஜர்களுக்கும் அடப்டர்களுக்கும் இதே கதைதான். அவை கீழே தொங்குவதாக நினைத்துச் செய்யப்பட்டவை.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய காரணமாகத் தெரிவது சுவிட்ச். நம் பிளக் பேஸில் சுவிட்சும் சேர்ந்தே வருகிறது. நம் நாட்டில் சுவிட்சைக் கீழே தட்டினால் ஓன், மேலே தட்டினால் ஓஃப். பிளக் பேஸைத் தலைகீழாகப் பூட்டினால் சுவிட்சும் தலைகீழாகும். மேலே தட்டினால் ஓன். கனடாவில் சுவிட்சுகள் அப்படித்தான், மேலே என்றால் ஓன். அண்ணாவுக்கு அதில் வித்தியாசமே தெரியாது. ஆனால் அவசரத்தில் கேற்றிலையோ கிரைண்டரையோ நிறுத்தப் போகும் அம்மாவின் கை பழக்கப்படிதான் போகும். அறைகளைத் திருப்ப வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இந்த ஒன்றே போதும்.

பக்கத்து வீட்டு ஐயா சொன்னது கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் மின்சாரத்துக்கு மேல் கீழ் தெரியாது. ஓட்டை எங்கே இருந்தாலும் வயர் சுவருக்குள்ளால், வீட்டு வயர்கள் எல்லாம் வந்து சேரும் டிபி பொக்ஸுக்குப் போய், அங்கிருந்துதான் நிலத்துக்கு இறங்குகிறது. சித்தப்பா சொல்வது ஜேர்மனியில் உண்மை. அங்கே பிளக்கை எந்தப் பக்கமாகவும் குத்தலாம். ஏர்த் தொடுகை இரண்டு ஓரத்திலும் இருக்கும், லைவ் எந்தப் பின்னில் வரும் என்பது நிலையில்லை. அங்குள்ள சாமான்களும் அதை ஏற்றே செய்யப்பட்டவை. நம் பிளக் ரொப்பில் ஃபியூஸ் லைவ் பக்கத்தில் இருக்கிறது. லைவும் நியூட்றலும் மாறினால் ஃபியூஸ் எரிந்த பின்னும், பிளக் பேஸின் சுவிட்சை நிறுத்திய பின்னும் சாமானுக்குள் கரண்ட் நிற்கலாம். ஆகவே "கரண்ட் வந்தால் சரி" என்பது நம் வீட்டில் செல்லாது.

குசினியின் மூன்று பிளக் பேஸ்கள்

தம்பி ஏன் இங்கே மட்டும் திருப்பினார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் அவை மேசைத்தட்டிலிருந்து இரண்டு விரல் அளவு உயரத்தில் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அதுதான். சரியான பக்கம் பூட்டினால் வயர் இறங்க இடமில்லை, மேசைத்தட்டில் முட்டி நசியும். அதனால் திருப்பிப் பூட்டியிருக்கிறார். தந்திரம் கெட்டதல்ல, பெட்டியைப் பதித்த உயரம்தான் பிழை. குசினி மேசைத்தட்டுக்கு மேல் குறைந்தது 15 சென்ரிமீற்றராவது விட்டுப் பதித்திருக்க வேண்டும். சுவரில் காடி வெட்டும்போது மேசைத்தட்டு எங்கே வரும் என்று மேசன் சொன்னாரா, தம்பி கேட்டாரா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் பேசாமல் வேலை செய்த வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான்.

இனி என்ன செய்யலாம்? ஒரு பிளக் பேஸுக்குப் பக்கத்தில் இன்னும் ரைல் ஒட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கட்டாயம் மேலே உயர்த்திச் சரியான பக்கம் பூட்டுங்கள். கேற்றில், கிரைண்டர் போன்ற அதிகம் இழுக்கும் சாமான்களுக்கு அதையே வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் ரைலுக்குள் இருப்பதால் உடைப்பதற்குச் செலவு வரும். காசு இருந்தால் உயர்த்துவதுதான் நல்லது. இல்லையென்றால் இப்போதைக்கு அப்படியே விடலாம். இரண்டு விரல் இடத்தில் வயரை நசுக்கி வைப்பதைவிட, திருப்பிப் பூட்டியிருப்பது பரவாயில்லை. ஆனால் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது எதுவோ அதை விட முடியாது. வயர் மேலிருந்து வந்து பிளக்குக்குள் இறங்கும்போது, வயரில் பட்ட தண்ணீரும் அதன் வழியே பிளக்குக்குள் இறங்கும். கீழே தொங்கும் வயரில் தண்ணீர் சொட்டி விழுந்துவிடும்.

அப்படியே விடும் பேஸ்களில் சுவிட்ச் மேலே இருந்தால் ஓன் என்பதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி, பக்கத்தில் ஒரு சின்ன அடையாளமும் ஒட்டுங்கள்.

இந்த மூன்றிலும் வயர் சரியான முனையில் இருக்கிறதா என்பதை உடனே பார்க்க வேண்டும். ஏர்த் மேலே இருக்கும்போது, முன்னால் நின்று பார்த்தால் கீழே வலது ஓட்டை லைவ், இடது ஓட்டை நியூட்றல். பிளக் பேஸைத் திருப்பினால் இது அப்படியே மாறி லைவ் இடது பக்கம் வரும். அதில் பிழை இல்லை. பின்னால் உள்ள முனைகளில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து வயர் பூட்டியிருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஆபத்து வராது. "வலது பக்கம் லைவ்" என்று கைப்பழக்கத்தில் பூட்டியிருந்தால், திருப்பிய மூன்றிலும் லைவும் நியூட்றலும் மாறியிருக்கும். கரண்ட் வரும், கிரைண்டர் சுற்றும், வெளியே ஒன்றும் தெரியாது.

இதைப் பார்க்க ரெஸ்ரரை ஓட்டைக்குள் விட்டுக் குத்த வேண்டாம். மூன்று சின்ன விளக்குகள் உள்ள, பிளக் போலவே குத்திப் பார்க்கும் சோதனைக் கருவி இருக்கிறது, விலை அதிகமில்லை. தம்பியிடம் இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எல்லா பிளக் பேஸிலும் குத்திப் பாருங்கள். லைவும் நியூட்றலும் மாறியிருந்தாலோ ஏர்த் வராமல் இருந்தாலோ காட்டிவிடும். நியூட்றலும் ஏர்த்தும் தமக்குள் மாறியிருந்தால் அது காட்டாது. பிளக்கில் சாமானைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் (கரண்ட் ஒழுகினால் தானாக நிறுத்தும் சுவிட்ச்) விழுந்தால் அதைச் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை பற்றிப் பேசும்போது இன்னொன்று. இரண்டு பின் சார்ஜரைப் போடுவதற்காகப் பேனையையோ திறப்பையோ ஏர்த் ஓட்டைக்குள் விட்டுச் சின்னக் கதவைத் திறப்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வித்தை. பிள்ளை தெரிந்து வைத்திருப்பதுதான் பயம். அடுத்த நாள் அது வேறு எதையாவது விட்டுப் பார்க்கும். சரியான அடப்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

பிரிட்ஜ் சுரீர் என்பது

அம்மாவின் பயம் வீண் இல்லை, அவர் கண்டுபிடித்த காரணம்தான் வேறு. பிளக் எந்தப் பக்கம் இருந்தாலும் பிரிட்ஜின் உடம்பில் கரண்ட் வரக் கூடாது. வருகிறது என்றால் அந்தப் பிளக் பேஸுக்கு ஏர்த் இல்லை, அல்லது ஏர்த் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது பிரிட்ஜுக்குள் கரண்ட் ஒழுக்கு இருக்கிறது. பெரும்பாலும் இவற்றில் இரண்டு சேர்ந்தே இருக்கும். நீங்கள் சொல்கிற பழைய பகுதியில் உருண்டைப் பின் பேஸில் அடப்டர் வைத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதால், என் முதல் சந்தேகம் ஏர்த் மேல்தான். பார்த்துச் சரிசெய்யும்வரை பிரிட்ஜின் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மீன் கெட்டுப்போனாலும் பரவாயில்லை.

நம் நாட்டில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சார சபை ஏர்த் தருவதில்லை. கம்பத்திலிருந்து வருவது லைவும் நியூட்றலும் மட்டும். ஏர்த் நம் வளவுக்குள் நாம் அடிக்கும் கம்பிதான். ஒவ்வொரு வீடும் தன் ஏர்த்துக்குத் தானே பொறுப்பு. வன்னி மண்ணில் இது சின்ன விஷயம் இல்லை. மாரியில் ஈரமாக இருக்கும் நிலம் ஆடி, ஆவணியில் காய்ந்து வெடிக்கும். கரையோர மணலில் தண்ணீர் நிற்பதே இல்லை. காய்ந்த மண்ணில் கரண்ட் இறங்காது. மார்கழியில் அளந்து "நல்ல ஏர்த்" என்று எழுதிக் கொடுத்தது ஆவணியில் பாதிக்கும் உதவாமல் போகலாம்.

ஆகவே கம்பியை ஈரம் வற்றாத ஆழம்வரை இறக்குங்கள். ஒரு கம்பி போதாவிட்டால் இன்னொன்றைக் கொஞ்சம் தள்ளி அடித்து இரண்டையும் இணைக்கலாம். ஏர்த் மீற்றரால் கோடையிலும் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் இருந்தால், கணக்குப்படி ஏர்த்தின் தடை ஆயிரம் ஓமுக்கு மேல் இருந்தாலும் அது விழும். ஆனால் நாம் பின்பற்றும் பிரித்தானிய விதிகளே 200 ஓமைத் தாண்டினால் அந்த அளவு நிலைத்து நிற்குமென நம்ப முடியாது என்கின்றன. கம்பியைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டுவது பழைய வழக்கம். அடுத்த மாரியில் உப்பு கரைந்து போய்விடும், போகிற போக்கில் கம்பியையும் அரித்துவிடும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, ஏர்த் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏர்த் இருந்தால் பிரிட்ஜில் ஒழுக்கு வந்த அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே ட்ரிப் விழும். ஏர்த் இல்லாவிட்டால் ஒழுக்கு காத்துக்கொண்டு நிற்கும். யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் நிலத்துக்கு இறங்கும்போதுதான் விழும். பெரும்பாலும் உயிர் தப்பும், ஆனால் அந்தச் சோதனையை அம்மாவை வைத்தா செய்வது? ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மட்டும் சொல்லும். வெளியே அடித்த கம்பி நல்லதா என்பது அதற்குத் தெரியாது. பலர் இதில் ஏமாறுகிறார்கள்.

புதுப் பகுதியைப் பழைய பகுதியின் டிபி பொக்ஸில் இருந்தே எடுத்திருந்தால், ட்ரிப் சுவிட்ச் இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய பகுதிக்கு அது இல்லாமல் விட்டிருந்தால், அண்ணா பிளக் திருப்ப அனுப்ப இருந்த காசைக் கூசாமல் இங்கே செலவழியுங்கள்.

உயரம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தும் சொல்கிறேன். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் வளவுக்கும் அப்போது தண்ணீர் வந்திருந்தால், அறைகளின் பிளக் பேஸ் அந்தத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை மேலா கீழா என்பதைவிட இந்த அளவு முக்கியம்.

தம்பியின் காசு

அறைகளில் அவர் செய்தது முறையான வேலை. அதைத் திருப்பச் சொல்லிக் காசை நிறுத்தி வைப்பது நியாயம் இல்லை. விருப்பத்துக்காகத் திருப்பச் சொன்னால் அது மேலதிக வேலை, அதற்குத் தனிக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு பேச்சுக்கு மத்தியஸ்த சபைவரை போனாலும் இந்தக் காரணத்தைச் சொல்லி உங்களால் நிற்க முடியாது.

ஆனால் சிலவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. முழுக் காசையும் கொடுக்கும் முன் எல்லாப் பேஸையும் உங்கள் கண்முன்னால் சோதித்துக் காட்டச் சொல்லலாம். ஏர்த் அளவை எழுதித் தரச் சொல்லலாம். எந்த எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்) எந்த அறைக்கு என்று டிபி பொக்ஸில் எழுதி ஒட்டச் சொல்லலாம். குசினி உயரப் பிழையில் பாதிச் செலவை அவர் ஏற்பதைப் பற்றியும் பேசலாம். மேசனையும் கூட வைத்துப் பேசுங்கள். கேட்கும்போது சந்தேகப்படுவது போல இல்லாமல், "தம்பி, அண்ணாவுக்குக் காட்டோணும்" என்று கேளுங்கள். சொந்தக்காரர், நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்.

அவர் விளக்கம் சொல்லாததையும் பெரிதாக எடுக்க வேண்டாம். போர் முடியும்வரை பல ஆண்டுகள் வன்னியில் மின்சார சபையின் கம்பி இல்லை. ஜெனரேற்றரிலும் சோலரிலும் சைக்கிள் டைனமோவிலும் சமாளித்த ஊர்களுக்குப் பிறகு திடீரென்று கரண்ட் வந்தது. பல பிள்ளைகள் தொழிலைக் கைப்பழக்கமாகவே கற்றார்கள். சரியாகச் செய்யத் தெரியும், ஏன் என்று சொல்ல வராது. விருப்பம் இருந்தால் தொழிற்பயிற்சிக்குப் போய் என்விகியூ எனும் தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்கச் சொல்லுங்கள். அவருக்கும் நல்லது.

அண்ணாவுக்கு

வீடியோவில் பேசும்போது பிளக் ரொப் ஒன்றைக் கையில் வைத்துக் காட்டுங்கள். நீளமான ஏர்த் பின், பாதி உறை போட்ட மற்றப் பின்கள், அடியால் இறங்கும் வயர். பார்த்தால் அவருக்கே விளங்கும்.

விடுமுறைக்கு வரும்போது தானே திருப்பிப் பூட்டுகிறேன் என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் விடாதீர்கள். கனடாவில் கறுப்பு வயர்தான் லைவ், வெள்ளை நியூட்றல். இங்கே பழைய வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்றல். புதிதில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்றல், பச்சையில் மஞ்சள் கோடு ஏர்த். உங்கள் வீட்டின் பழைய பகுதியில் சிவப்பும் கறுப்பும், புதுப் பகுதியில் மண்ணிறமும் நீலமும் இருக்கக் கூடும். கறுப்பை லைவ் என்று பழகிய கை அங்கே போய்ப் பூட்டினால் எல்லாம் மாறும். அங்கே 120 வோல்ற், இங்கே 230. அங்கே "சின்னதா அடிச்சது" என்று உதறிவிட்டுப் போவது இங்கே அப்படிப் போகாது.

கடைசி வரியில், அண்ணா கொண்டுவரப் போகும் கோப்பி மெஷினுக்கு எந்தப் பிளக் பொருந்தும் என்று கேட்டிருந்தீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் தாளைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். "100–240" என்று இருந்தால் ஒரு அடப்டர் போதும். போன், லப்ரொப் சார்ஜர்கள் பெரும்பாலும் இந்த வகை. "120" என்று மட்டும் இருந்தால் அடப்டர் பின்னை மட்டும்தான் மாற்றும், வோல்ற்றைக் குறைக்காது, போட்டவுடன் எரிந்துவிடும். கோப்பி மெஷின்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. அதை அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.